அத்தை எழுந்தார், பஸ் நேராக ஓடியது

நியூட்டனுக்கு ஆப்பிள் விழுந்தது. எனக்கு அத்தை எழுந்தார்.

கோபால் மாமாவின் பஸ்ஸில் பந்திங் பக்கம் கடல் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். மாமா, அம்மாவின் தம்பி. தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிக் களைத்துப்போன பழைய பஸ் ஒன்றை வாங்கி, பாதி இருக்கைகளைக் கழற்றிவிட்டு, பின்னால் இரட்டைக் கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கண்ணாடி வைத்த அலமாரி எல்லாம் பொருத்தி, ‘மோட்டார் ஹோம்’ என்று பெயர் சூட்டியிருந்தார். (எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்க அதற்கு ‘ஓடுற வீடு’ என்றுதான் பேர்.) வீடு நல்ல வீடு. ஓட்டம்தான் சரியில்லை. ஒரு லோரி கடந்துபோனால் போதும், அந்தப் பக்கம் சாய்ந்து நலம் விசாரிக்கும். நேரான சாலையிலும் மாமா மாவு சலிப்பதுபோல ஸ்டீயரிங்கை ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.

அன்று பின்கட்டிலில் படுத்திருந்த செல்லம் அத்தை, அப்பாவின் அக்கா, தாகம் என்று எழுந்து முன்னால் வந்தார். மாமாவுக்குப் பக்கத்தில் நின்று ஃபிளாஸ்க்கைத் திறந்தார். பஸ் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ரயில்போல நேராக ஓடியது. அத்தை திரும்பிப் போனார். பஸ் மறுபடி தள்ளாடியது.

அத்தை நல்ல ஆகிருதி. நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தேன். உலகத்து இயந்திரங்களெல்லாம் என் கைபடக் காத்திருக்கின்றன என்று நம்பிய வயது. மூளையில் மின்னல் அடித்தது. கட்டில், தொட்டி, அலமாரி, அத்தை, எல்லாமே பின்சக்கரத்துக்குப் பின்னால்! முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் போகிறது. பிறகு ஸ்டீயரிங் எப்படிப் பேச்சுக் கேட்கும்?

“மாமா, பாரத்த முன்னால கொண்டு வரணும்.”

“எந்தப் பாரத்த?”

பின்பக்கம் கண்ணைக் காட்டினேன்.

“மெதுவா பேசு லா டேய்!” என்றார் மாமா.

அடுத்த மாதம் என் அண்ணன் சேகருக்குக் கிள்ளானில் கல்யாணம். பெண் யாழ்ப்பாணத்துக் குடும்பம். இருவரும் விரும்பிவிட்டு, பெண்ணின் அப்பாவிடம் நெடுநாள் கெஞ்சிச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். அவர் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர். கடிகாரம் அவரைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். அவர் சொன்னது ஒன்றுதான்: “நேரத்துக்கு வாங்கோ. முகூர்த்தம் தப்பினால் பிறகு கதைக்க ஒண்டும் இல்லை.”

மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் ஓடுற வீட்டில் போவதாக முடிவானது. விடுவேனா? தண்ணீர்த் தொட்டியை முன்னால் மாற்றினேன். ஸ்டீயரிங் பெட்டியில் தளர்ச்சியைக் குறைக்க ஒரு திருகு உண்டு. அதைக் கொஞ்சம் இறுக்கினேன், நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். (உப்புப் போட்டால் ருசி என்றால் மூட்டையையே கொட்டுகிற ஞானம்.)

மாமா ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தார். “என்னடா, களி கிண்டற மாதிரி இருக்கு?”

“அதான் மாமா கன்ட்ரோலு!”

கல்யாணக் காலையில் பஸ் வாசலில் கண்டக்டர்போல நின்றுகொண்டு, வருகிறவர்களைக் கண்ணாலேயே எடைபோட்டு இடம் ஒதுக்கினேன். அத்தை முதல் வரிசை. தொந்தி வைத்த சித்தப்பாக்கள் அவருக்குப் பின்னால். மாமாவின் மனைவி பாக்கியம் மாமி, காற்றடித்தால் பிடித்துக்கொள்ளவேண்டிய உடம்பு. அவருக்குக் கடைசியில், அடுப்போரம்.

மாமி அசையவில்லை. “பஸ்ஸே எங்களோடது. தாய்மாமன் பொண்டாட்டிக்கு அடுப்பங்கரை, அவங்களுக்கு மட்டும் முன் சீட்டா?”

அத்தை முந்தானையைப் பெருமையாக இழுத்துவிட்டுக்கொண்டார். “புள்ளைக்கு மரியாத தெரிஞ்சிருக்கு.”

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கவேண்டும்.

“மரியாத இல்ல மாமி, வெயிட்டு!” என்றேன், விஞ்ஞானத்தின் சார்பாக.

சித்தப்பாக்கள் தங்கள் தொந்தியைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

“ஓ,” என்றார் அத்தை. “அப்ப நான் ஆளு இல்ல. மூட்டை.”

எழுந்தார். நடந்தார். பின்கட்டிலில் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். சித்தப்பாக்கள் பின்னாலேயே போனார்கள். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரும் போனார். முன்னால் மாமாவும், வெற்றிக் களிப்போடு மாமியும் மட்டும். வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்தது.

பெடரல் ஹைவேயில் மூன்று லேனுக்கும் பாரபட்சமில்லாமல் போய்வந்தோம். கிள்ளான் வந்தது. கல்யாணம் நடக்கிற கோயிலுக்கு எதிரே ஒரு ரவுண்டபவுட். மாமா வலப்பக்கம் ஒடித்து நுழைந்தார். நுழைந்த ஸ்டீயரிங் இடப்பக்கம் திரும்பி வெளியே வர மறுத்துவிட்டது. என் திருகு அதை அப்படிக் கவ்விக்கொண்டிருந்தது. சக்கரம் தானாக நேராவதற்கும் முன்னால் பாரம் இல்லை.

கோயில் வாசலில் எங்களைப் பார்த்ததும் நாதஸ்வரம் முழங்கியது. நாங்கள் கடந்து போனோம். நாதஸ்வரம் நின்றது. சுற்றி வந்தோம், முழங்கியது. போனோம், நின்றது.

“மாமனார் வாட்ச்ச பாக்குறாருடா!” என்று ஜன்னலோரம் அலறினான் சேகர்.

“பிரேக் போடுங்க!” என்றார் மாமி.

“பின்னால லோரிடி!” என்றார் மாமா, ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டியபடி.

நான் பின்னால் ஓடினேன். “அத்தை, முன்னால வாங்க அத்தை!”

“மூட்டை தானா நடக்குமா?”

அத்தையின் காலில் விழுந்தேன். (வளைவில் பஸ் என்னைத் தள்ளிவிட்டது என்பதே உண்மை. அத்தைக்கு அது இன்றுவரை தெரியாது.)

அத்தை மனமிரங்கி எழுந்தார். அப்பா வழிப் பட்டாளமே எழுந்து முன்னால் வந்தது. பஸ்ஸின் மூக்கு தரையிறங்கியது. அத்தை மாமாவின் தோளுக்கு மேலாகக் கைநீட்டி, “இழு கோபாலு!” என்று ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். பஸ் நேரே கோயில் வாசலுக்குப் போய் நின்றது.

பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். “நேரம் இருக்கு, இறங்குங்கோ,” என்றார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், “அக்கினியை மூண்டுதரம் சுத்தவேணும் தம்பி. இந்த ரவுண்டபவுட் அதிலை சேராது.”

அன்று மாலையே மாமா திருகைத் தளர்த்திவிட்டு, என் ஸ்பேனரை மாமியிடம் ஒப்படைத்தார். டிரைவர் பக்கத்து இருக்கை அத்தைக்கே நிரந்தரம் ஆனது. மாமியும் அடுப்போரத்துக்கு நகர்ந்துகொண்டார். எங்கள் வீட்டில் இன்றும் யாரையாவது முன்வரிசையில் உட்காரச் சொன்னால், “மரியாதையா, வெயிட்டா?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

ஆனால் போன வருடம் அத்தைக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சோறு குறைந்தது, நடை கூடியது, அத்தை பாதியாக இளைத்துவிட்டார். பஸ் மறுபடி ஆடத் தொடங்கிவிட்டது. தைப்பூசத்துக்குக் குடும்பமே பினாங்கு போகிறது. அதற்குள் அத்தையின் இருக்கைக்கு அடியில் மூன்று மூட்டை சிமெண்டு வைத்துக் கட்டிவிடப் போகிறேன்.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.