கிராணியின் சப்பாத்து

யோங் பெங் தோட்டம்,
நவம்பர் 1934

சிங்கப்பூர் மாமா அவர்களுக்கு, மருமகன் காளியப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே அம்மா, தங்கச்சி செல்வராணி, நான் மூவரும் சுகம். மழையும் அட்டையும் எங்களைவிடச் சுகம்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய பழைய கிராணி கப்பலேறிவிட்டாரே, இங்கிலீஷ் படித்த நீ அந்த வேலைக்குப் போனால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். போகமாட்டேன். காரணம் தாங்கள்தான். சின்ன வயதில் எங்களுக்குத் துப்பறியும் கதைகள் அனுப்பினீர்களே, அவற்றில் வரும் அண்ணனும் தங்கையும் திருடனின் காலடியை நூலால் அளந்தே பிடித்துவிடுவார்கள். நானும் செல்வராணியும் சோற்றை மறந்து படித்தோம், நம் லயத்து வரிசை வீடுகளில் ஒரு திருட்டும் நடக்கவில்லையே என்று ஏங்கினோம், ஏங்கிய வாரமே வெள்ளையம்மா அக்காவின் முட்டைக்கோழி காணாமல் போயிற்று, எங்கள் சந்தோஷத்தை அக்காவிடம் மறைப்பதே பெரும்பாடாகிவிட்டது. கூண்டருகே ஈரமண்ணில் சப்பாத்துத் தடம். மாமா, கதையில் ஊரே சப்பாத்துப் போடும், துப்பறிகிறவன் திண்டாடுவான். எங்கள் தோட்டத்தில் சப்பாத்துப் போட்டவர்கள் துரையும் இதே கிராணியும்தான். துரை டின்னில் அடைத்து வந்த கறியைத்தான் தொடுவார். தடத்தை அளந்த நூலைக் கிராணி வீட்டு வாசலில் கிடந்த சப்பாத்தில் வைத்தோம், அச்சாகப் பொருந்தியது, உள்ளேயிருந்து குழம்பு வாசம் வேறு.

கிராணியோ, தான் அளந்து போடும் அரிசி குறைகிறதே என்று கேட்ட சந்தனசாமி அண்ணன்தான் திருடன் என்று துரையிடம் சொல்லிவிட்டார். மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்களை எண்ணும்போது செல்வராணி நூலோடு முன்னே போய், "தொரை, கோழிய தின்னது கிராணிதான். கால அளந்து பாருங்க," என்றாள். துரை புதிது, தமிழ் தெரியாது. இவள் என்ன சொல்கிறாள் என்று கிராணியைத்தான் கேட்டார். கதையில் இந்த இடம் வரவே இல்லையே மாமா. கிராணி என்னத்தை மொழிபெயர்த்தாரோ, துரை அவள் தலையைத் தடவி மிட்டாய் கொடுத்தார், சந்தனசாமி அண்ணனை அன்றைக்கே பெண்டாட்டி பிள்ளைகளோடு துரத்தினார். வெள்ளையம்மா அக்கா உட்பட எல்லாருக்கும் உண்மை தெரியும், வாயைத் திறந்தால் அடுத்துக் கட்டும் மூட்டை நம்முடையது என்பதும் தெரியும். அந்த நாற்காலியில் நானா உட்காருவேன்?

அத்தைக்கு வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். முருகன் தங்களைக் காக்கட்டும், எங்களைக் காக்க நேரமிருந்தால் இந்தப் பக்கமும் வரட்டும்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் செல்வராணி இதைப் படித்துவிட்டாள். "அன்னைக்கு நான் சொன்னத ஒழுங்கா எடுத்துச் சொல்ல ஒரு ஆளு இருந்தா சந்தனசாமி அண்ணன் போயிருப்பாரா? இப்ப இருக்கிற தொரைக்கும் தமிழ் தெரியாது. ரோஷத்த மடிச்சு வெச்சிட்டுப் போய் உக்காருண்ணே," என்கிறாள். திங்கட்கிழமை சேர்கிறேன். வெறுங்காலோடு ஆபீசுக்குள் விடமாட்டார்களாம், தங்கள் பழைய சப்பாத்து ஒரு ஜோடி அனுப்புங்கள். அடியில் கோடு இல்லாததாக இருந்தால் நல்லது. செல்வராணி இப்போது கோழி வளர்க்கிறாள், அந்த நூலையும் இன்னும் வைத்திருக்கிறாள்.