‘பெயர் பிறகு’ இதழுக்குப் பேர் வைத்தது யார்

மதிப்புக்குரிய ‘பெயர் பிறகு’ இதழின் ஆசிரியர் அம்மாவுக்கு, உங்கள் பல்கலைக்கழகத்தில் தாள் சுமந்தே தோள் தேய்ந்த பழைய பியூன் வணக்கத்தோடு எழுதுவது. நலம் என்று எழுதத்தான் ஆசை, நிலைமை விடவில்லை. நான் கைநாட்டு. சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

பொன்விழாவில் இதழுக்குப் பெயர் பிறந்த கதையைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து என்னை விட்டுவிடுங்கள். இதழைத் தொடங்கிய இரண்டு பேராசிரியர்களில் நெட்டை ‘சுடர்’ என்பார், அணைந்துபோகும் என்பார் குட்டை. இவர் ‘அலை’ என்றால், வந்த வழியே திரும்பிவிடும் என்பார் அவர். அச்சகம் அவசரப்படுத்தவே, அட்டைத் தாளில் பேர் வரும் இடத்தில் ‘பெயர் பிறகு’ என்று கிறுக்கி என்னிடம் கொடுத்தனுப்பினார்கள். அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர் அதையே கொட்டை எழுத்தில் கோத்துவிட்டார். கட்டுக்கட்டாக வந்து இறங்கியதும் எழுத்துத் தெரியாத என்மேல் பாய்ந்தார்களே தவிர, எழுத்துத் தெரிந்த கம்பாசிட்டரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குள் ஒரு பெரிய விமர்சகர், படைப்பு முதலில், பெயர் பிறகு, என்ன தத்துவம் என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான், நான் வைத்தது என்று இவர், நான்தான் என்று அவர். அன்றைக்கு அறுந்த பேச்சு சாகும்வரை ஒட்டவில்லை. ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு என் வாய் வழியாகத்தான் சண்டை போட்டார்கள். இப்போது பிள்ளைகள் காலம். நெட்டையின் மகன் வந்து, எங்கப்பா வைத்த பேர்தானே என்றார். தங்கமான மனுஷன், ஆமாம் தம்பி என்றேன். பிறகு குட்டையின் மகன் வந்தார். அவரும் தங்கம்தான், என்ன செய்ய. இரண்டு பேரும் முன்வரிசையில் உட்காருவார்களாம். இரண்டு வீட்டு உப்பையும் தின்றவன், யார் முகத்தைப் பார்த்துப் பேச? சோறு இறங்கவில்லை, வாசலில் கார் நின்றால் பின்கட்டுக்கு ஓடுகிறேன். உண்மையைச் சொல்லிடுங்க மாமா என்கிறாள் மருமகள். உதை வாங்கப்போவது அவளா?

உங்கள் பேனா வற்றாமலும் அச்சுப்பிழை அண்டாமலும் இருக்க வாழ்த்தும்,
பழைய பியூன்

பி.கு.: கடிதத்தை மடிப்பதற்குள் இரண்டு மகன்களும் வாசலில் முட்டிக்கொண்டார்கள். என் குட்டு உடைந்தது. “அப்ப யார்தான் பெரியவரே வச்சது?” என்றார் நெட்டையின் மகன். சொல்லிவிட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அதை மட்டும் வெளியில சொல்லிடாதீங்க” என்றார்கள், இரண்டு பேரும் ஒரே வாயாக. போகும்போது ஒரே காரில் போனார்கள். ஆகவே மேலே எழுதியது எதுவும் நடக்கவில்லை. நான் வருகிறேன். தோள்மேல் கைபோட்டுக்கொண்டு இரண்டு பேராசிரியர்களும் சேர்ந்து வைத்த பெயர் அது. பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.