ரைட்டர் மேசையில் நான் வைத்த குண்டு

அன்றைக்குக் கண்மாய்க் கரையில் இருந்தது நான், என் மனைவி செல்வி, அவள் தம்பி முருகேசன், யார் வீட்டதோ ஓர் எருமை. அவ்வளவுதான். இப்போது ஊரில் பாதிப் பேர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்கிறார்கள். நம்ப வேண்டாம்.

முருகேசன் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். கயிற்றில் காந்தம் கட்டித் தண்ணீருக்குள் போட்டு இரும்பு எடுப்பதை செல்போனில் பார்த்துவிட்டு, அவனும் ஒரு காந்தம் வாங்கி வந்திருந்தான். எனக்குக் கயிறு அறுமோ, செல்வி வழுக்கி விழுவாளோ, எருமை முட்டுமோ என்று மூன்று கவலை. (எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கவலைப்பட மட்டும் படிப்பு தேவைப்படவில்லை.)

முதலில் ஒரு லாடம் வந்தது. அப்புறம் ஓர் அரிவாள். மூன்றாவதாக, சுரைக்காய் அளவில், வாலில் சிறகு வைத்த துருப்பிடித்த இரும்பு.

"பழங்காலத்துச் சாமான் மச்சான். நல்ல வெல போகும்" என்றான் முருகேசன்.

எனக்கு நான்காவது கவலை வந்தது.

"மாப்ளே, புதையலத் திருடுனோம்னு உள்ள தள்ளிருவாய்ங்க. நானே ஸ்டேஷன்ல ஒப்படைச்சிர்றேன்."

"அப்ப ஏங் காந்தத்தக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க."

இழுத்தேன், வரவில்லை. கல்லால் நாலு தட்டுத் தட்டினேன். அப்படியே காந்தத்தோடு அரிசிப் பையில் போட்டு, மொபெட்டில் கால்களுக்கு நடுவே வைத்துக் கிளம்பினேன். புதுக்கோட்டை பஸ் போகிற சாலையில் பதினோரு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் கவலைப்பட்டேன், டயருக்காக.

ஸ்டேஷனில் ரைட்டர் எழுதிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் பையைக் கவிழ்த்தேன். இரும்பு மேசையில் காந்தம் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"ஐயா, பழங்காலத்துப் பொருளுங்க. நேர்மையாக் கொண்டாந்திருக்கேன்" என்றேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார். "யோவ், இது குண்டுய்யா!"

"எடுத்துட்டு வெளிய போய்யா!" என்றது வாசலில் ஒரு குரல்.

"தொடாதய்யா! அசையாதய்யா!" என்றார் ரைட்டர், ஜன்னலுக்கு வெளியிலிருந்து.

நீட்டிய கையோடு நின்றேன். எடுப்பதா, நிற்பதா? கம்பிக்குப் பின்னாலிருந்த கோழித் திருடன் மட்டும், "அண்ணே, என்னையும் கொஞ்சம் நெனச்சுக்கங்க" என்றான். அவனைத் திறந்துவிடுவதற்காக ரைட்டர் திரும்பி உள்ளே வந்தார். அவர் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. போகிற போக்கில் என் சட்டையையும் பிடித்து இழுத்துப் போனார்.

சாயங்காலம் வெடிகுண்டு நிபுணர்கள் வந்தார்கள். பிரித்தெடுப்பது ஆபத்து என்று மேசையோடு தூக்கி, சாமி புறப்பாடு மாதிரி அடி அடியாக நகர்ந்து, பொட்டலில் வைத்து வெடிக்கச் செய்தார்கள். குண்டு, மேசை, காந்தம் எல்லாம் போயிற்று.

"பாத்த எடத்துலயே விட்டுட்டு, தள்ளிப் போயி போன் பண்ணணும். தொடவே கூடாது" என்றார் அதிகாரி. "தட்டிகிட்டித் தொலைக்கலையே?"

நாலு தட்டு என்று நேர்மையாகச் சொன்னேன். அவர் சற்று நேரம் உட்கார்ந்துகொண்டார்.

கேஸ் போடவில்லை. ஆனால் இன்றும் யாராவது பலாப்பழம் கொண்டுவந்தால் செல்வி, "தரையில வைங்க. எங்க வீட்டுக்காரரு தட்டிப் பாத்துச் சொல்லுவாரு" என்கிறாள்.

மேசைக்கு அரசாங்கம் காசு கேட்கவில்லை. முருகேசன் கேட்கிறான். ஞாயிறுதோறும் போனில் முதலில் என் உடம்பை விசாரிப்பான், அப்புறம் காந்தத்தை. இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய், இன்னும் பாக்கி.