தலைதீபாவளிக்கு நிமிர்த்திய பாய்மரம்

என் மச்சான் தனசேகரன் ஒரு பொய்யன். என் மனைவியின் அண்ணன்தான், அதனாலென்ன? முப்பது வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் அவன் சொல்லும் கதையில் நான் முட்டாள், அவன் மேதை. நடந்ததை நான் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. எனக்குத் தலைதீபாவளி. ஆவடி குவார்ட்டர்ஸில் மாமனார் வீட்டில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு அதிரசத்தோடு போராடிக்கொண்டிருந்தேன். கொல்லைப்புறத்தில் தனசேகரன் செய்த படகு கிடந்தது. ஒல்லியான இரண்டு பிளைவுட் படகுகளைக் குழாயால் இணைத்து, நடுவில் ஒரு பாய்மரம். துணி காயப்போட இடமில்லை என்று மாமியார் ஒரு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

அன்று மாமனார் தீர்ப்பே சொல்லிவிட்டார். "இன்னைக்கு ஏரில வுடு. போனா மட்டும் போதாது, திரும்பி வரணும். வரலேன்னா வெட்டி வெந்நீர் அடுப்புல வெச்சுருவேன்."

தனசேகரன் முகம் சுருங்கிப்போனது. மாப்பிள்ளை முறுக்கில் நான் எழுந்தேன். "நான் இருக்கேன் மச்சான்!" (யார் கேட்டார்கள்? அதுவரை நான் தண்ணீரில் விட்டது காகிதக் கப்பல் மட்டும்தான்.)

ஏரிக்கரையில் பாய்மரத்தை நிறுத்திக் கயிறுகளை லேசாக மாட்டினோம். சுக்கானை எடுத்துவர ஓடிய தனசேகரன், ஓடிக்கொண்டே ஏதோ கத்தினான். அதே நொடியில் கரையில் எவனோ அணுகுண்டு வெடியைக் கொளுத்திவிட்டான். என் காதில் விழுந்தது இதுதான்: "பாய்மரத்த சரி செஞ்சு கட்டுங்க மாப்ள!"

பார்த்தேன். பாய்மரம் பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். கோணலாக ஒன்று நின்றால் எனக்குச் சோறு இறங்காது. நூலில் ஒரு நட்டைக் கட்டித் தூக்குக்குண்டாகத் தொங்கவிட்டேன். முன்பக்கக் கயிற்றை இழுத்து இழுத்து, கொடிக்கம்பம் மாதிரி நட்டமாக நிறுத்தினேன். கரையில் நின்ற புது மனைவியைப் பார்த்துப் புன்னகை வேறு. (நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது.)

திரும்பி வந்தவன் பாயை ஏற்றும் அவசரத்தில் கவனிக்கவில்லை. இரண்டு பேரும் ஏறினோம். காற்று முதுகைத் தள்ள, படகு பறந்தது. கரையில் கைதட்டல். பாதி ஏரியில் அவன் சுக்கானைத் திருப்பினான். படகு காற்றை எதிர்த்துத் திரும்பவே இல்லை. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி மாதிரி முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டது.

தனசேகரன் மேலே பார்த்தான். மரியாதை தண்ணீரில் போனது. "இன்னாய்யா பண்ணே?"

"நீ சொன்னாமேரி சரி செஞ்சேன்!"

"சரிச்சுக் கட்டுன்னேன்யா! பின்னால சாஞ்சாத்தான் காத்தப் பாத்துத் திரும்பும்!"

"சாய்க்கணும்னா சாய்னு சொல்லு! சரிக்கறது இன்னா பாஷ?"

"எங்க ஊட்டு பாஷ! பொண்ணு எடுத்த இல்ல, கத்துக்க!"

பாஷை முடிவாவதற்குள் எதிர்க்கரை ஆகாயத்தாமரையில் போய்ச் செருகினோம். இறங்கித் தள்ளியதில் என் பட்டு வேட்டியைச் சேறு வாங்கிக்கொண்டது. பாயைக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டேன். ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியைப் பிடித்துப் படகை ஏற்றி, அதன் மேல் நான் உட்கார்ந்தேன்.

"சாமி ஊர்கோலமா அண்ணாத்தே?" என்றான் வண்டிக்காரன்.

குவார்ட்டர்ஸ் தெருவில் பிள்ளைகள் சரவெடி கொளுத்தி வரவேற்றார்கள். மாமனார் கையில் கோடாலி. என்னைப் பார்த்தார். கோடாலியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். "திரும்பி வந்துருச்சுல்ல? வுடு, பொழச்சுப் போவட்டும்."

என் மானம் போய்த்தான் அந்தப் படகு பிழைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் பாய்மரத்தைப் பின்னால் சாய்த்துக் கட்ட, அது சொன்னபடி திரும்பியது. அதையும் என் தூக்குக்குண்டையும்தான் அவன் பந்திக்குப் பந்தி சொல்வான்.

இன்றைக்கும் நான் சுத்தியலைத் தொட்டால் போதும். "சரிக்கப் போறீங்களா, சரி செய்யப் போறீங்களா?" என்பாள் என் மனைவி. இப்போது பேத்தியும் கேட்கிறாள்.

தனசேகரா, அடுத்த மாதம் உனக்கு அறுபதாம் கல்யாணம். சொந்தக்காரன் அத்தனை பேரும் வருவான். மைக்கைப் பிடித்துச் சொல்: அன்றைக்கு உன் வாயிலிருந்து வந்தது எந்த வார்த்தை? வெடிமேல் பழி போடாதே. பதில் வரும்வரை சாப்பாட்டுக்கூடத்தின் கதவை நான் திறக்கவிட மாட்டேன்.