ஆவுடைத்தாய் கப்பலைத் தவறவிட்ட கதை

ஒரு காட்டில் ஒரு துறைமுகம் இருந்தது. காட்டுக்குள் எதற்கு ஐயா துறைமுகம் என்று கேட்காதீர்கள். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட வந்த சிங்கமே கேட்கவில்லை. துறைமுகத்தின் பெயர் நரிப்பட்டணம். ஆனால் நரிப்பட்டணம் அங்கே கிடையாது. ஒரு கிரேன், ஒரு புளியமரம், ஒரு ரயில் நிலையம், அவ்வளவுதான். நிஜமான நரிப்பட்டணம் ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளி இருந்தது. உல்லாசக் கப்பல் கம்பெனிக்காரர்கள் மட்டும் தங்கள் விளம்பரத்தில், "காலையில் கண் விழித்தால் நரிப்பட்டணம்!" என்று வண்ணத்தில் அச்சடித்திருந்தார்கள். கண் விழித்தவர்கள் புளியமரத்தைப் பார்த்தார்கள்.

அந்தக் கப்பலில் ஆவுடைத்தாய் என்றொரு முள்ளம்பன்றி வந்திருந்தாள். உல்லாசத்துக்காக வரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கமிருந்த அவளுடைய காட்டிலிருந்து நரிப்பட்டணம் வர அந்தக் கப்பலை விட்டால் வேறு வழியில்லை. அதுவும் வருடத்துக்கு ஒரே ஒரு தடவைதான் வரும். நரிப்பட்டணத்தில் அவளுடைய தம்பி இசக்கிமுத்து குடும்பத்தோடு இருந்தான். மூன்று மாதத்துக்கு முன் அவனுக்கு ஒரு பெண் பிறந்திருந்தது. முள்ளம்பன்றிக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. அத்தைக்காரி நேரில் வந்து குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னால்தான் அது பெயர். போனில் சொன்னால் செல்லாது. அதனால் மூன்று மாதமாக அந்தப் பிள்ளையை எல்லோரும் "ஏ, இந்தா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தடுப்பூசி அட்டையில் பெயர் என்ற இடத்துக்கு நேராக "அத்தை வரவேண்டியுள்ளது" என்று எழுதியிருந்தது.

ஆவுடைத்தாய்க்குச் சொந்தத்தில் பிள்ளை கிடையாது. அந்தக் காதில் அந்தப் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று மாதமாக அவள் சரியாகத் தூங்கவே இல்லை.

கப்பல் காலை ஏழு மணிக்கு வந்து நின்றது. இறங்கும் இடத்தில் கேப்டன் கூழைக்கடா தொண்டைப் பையைக் குலுக்கிக்கொண்டு அறிவித்தார்.

"நம் கப்பலின் சொகுசு பஸ்ஸில் ஊர் சுற்றப் போகிறவர்கள் கவலையே படவேண்டாம். உங்கள் பஸ் எவ்வளவு தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். தன்னிச்சையாக ரயிலில் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கப்பல் சரியாக ஐந்து மணிக்குக் கிளம்பும். ஐந்து மணி ஒரு நிமிஷத்துக்கு வருகிறவர்கள் கரையில் நின்று கையசைக்கலாம்."

சொகுசு பஸ்ஸுக்கு நாற்பது செம்மறிகள் பெயர் கொடுத்திருந்தன. முதல் செம்மறி ஏன் கொடுத்தது என்று தெரியவில்லை. மற்ற முப்பத்தொன்பதும் ஏன் கொடுத்தன என்று கேட்கவே வேண்டாம். பஸ் எட்டு இடங்களைக் காட்டும், இடத்துக்குப் பதினொரு நிமிஷம். அந்த எட்டில் இசக்கிமுத்துவின் வளை இல்லை. எனவே ஆவுடைத்தாய் ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்தாள். கையில் ஓர் ஒயர்கூடை. அதில் பிள்ளைக்கு ஒரு சிவப்புச் சொக்காய், தனக்கு நாலு இட்லி. மனதில் ஒரே ஒரு பயம். கப்பலை விட்டுவிட்டால் அடுத்த வருடம் வரை தம்பி வீட்டில்தான் இருக்க வேண்டும். அவளுக்கும் தம்பி மனைவி பேச்சியம்மாளுக்கும் ஒரு நாள் என்றால் பாலும் தேனும்தான். ஒரு வருடம் என்றால், இருவர் உடம்பிலும் இருப்பது முள்ளல்லவா?

விசாரணைச் சன்னலில் ஓர் ஓணான் உட்கார்ந்திருந்தது.

"ஐயா, நரிப்பட்டணம் போற ரயிலு இதானா?"

ஓணான் தலையை ஆட்டியது.

"இல்ல, அந்தப் பக்கம் நிக்கிறதா?"

அதற்கும் ஆட்டியது.

"ரெண்டுமே போகாதோ?"

இன்னும் பலமாக ஆட்டியது. இருபது வருட சர்வீஸில் ஒருவரிடம்கூட இல்லை என்று சொல்லாத ஊழியர் என்று அதற்கு விருதெல்லாம் கொடுத்திருந்தார்கள். ஆவுடைத்தாய் சன்னலோர இருக்கை காலியாக இருந்த ரயிலில் ஏறினாள். தெய்வாதீனமாக அது நரிப்பட்டணம் போகிற ரயில்தான். ஆனால் இருபத்தாறு இடங்களில் நிற்கிற ரயில். இருபத்தேழாவதாக ஒரு குளத்தங்கரையிலும் நின்றது. வண்டி ஓட்டிய எருமை, தண்ணீரைப் பார்த்ததும் இறங்கிப் போய் இரண்டு மணி நேரம் ஊறிவிட்டு வந்தது. பயணிகள் யாரும் கோபப்படவில்லை. சிலர் கூடவே இறங்கிக் குளித்தார்கள்.

நரிப்பட்டணத்தில் கால் வைத்தபோது மணி பன்னிரண்டு.

இங்கே ஆவுடைத்தாயின் சுபாவத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எந்தப் பயணமானாலும் இரண்டு மணி நேரம் முன்னால் போய் உட்காராவிட்டால் அவளுக்கு நெஞ்சு படபடக்கும். அவள் நடைமேடையிலேயே நின்று விரல் மடக்கினாள். கப்பல் ஐந்து மணிக்கு. அப்படியானால் மூன்று மணிக்கே அங்கே இருக்க வேண்டும். மூன்று மணிக்கு இருக்க ஒரு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். ஒரு மணி ரயிலுக்குப் பதினோரு மணிக்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட வேண்டும். இப்போது பன்னிரண்டு. ஐயையோ! தம்பி வீட்டுக்குப் போவதற்கு முன்பே, திரும்பிப் போக ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது.

விழுந்தடித்துக்கொண்டு டிக்கெட் கவுண்டருக்கு ஓடினாள். கவுண்டர் மூடியிருந்தது. "இதோ வருகிறேன்" என்று ஓர் அட்டை தொங்கியது. கண்ணாடிக்கு அப்பால் டிக்கெட் கொடுக்கிற ஆந்தை, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. ஆந்தைக்குப் பகல் ஷிப்ட் போட்டவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

ஆவுடைத்தாய் கவுண்டர் முன்னால் முதல் ஆளாக நின்றுகொண்டு தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஏ இசக்கி, பிள்ளையத் தூக்கிட்டு ஸ்டேஷனுக்கு வாடே. இங்கனயே வச்சுப் பேரச் சொல்லிருதேன்."

"யக்கா, நேத்துதான் ஊசி போட்டிருக்கு. காய்ச்சல். வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ வா. நடந்தா கால் மணி நேரம்தான்."

"டிக்கெட் எடுக்காம எப்பிடிடே வாறது?"

"அப்போ இந்த வருசம் பேரு கெடையாதா?"

அவள் போனை வைத்துவிட்டாள். கண் கலங்கியது. கால் மணி நேர நடைதான். ஆனால் கால் நகரவில்லை. வரிசையை விட்டு நகர்ந்தால் இடம் போய்விடும். வரிசையில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. இடம் என்றால் இடம்தானே.

அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் பெருமூச்சு கேட்டது. திரும்பினாள். ஒரு செம்மறி நின்றது, முள் படாத தூரத்தில். அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. வரிசை வாசலைத் தாண்டி, சொகுசு பஸ் நின்ற இடம் வரை போயிருந்தது. எட்டு இடங்களில் மூன்றாவதைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனில் கை கால் கழுவ இறங்கிய நாற்பது செம்மறிகளும், யாரோ ஒருத்தி எதற்கோ நிற்பதைப் பார்த்து வந்து நின்றுவிட்டன.

முதலில் நின்ற சௌந்தரம் என்கிற செம்மறியிடம் ஆவுடைத்தாய் கேட்டாள். "நீங்கல்லாம் எதுக்கு நிக்கிறிய?"

"நீங்க நின்னீங்க. நின்னோம்."

"ஒங்க பஸ்சு போயிராதா?"

"எங்க போயிடும், நாங்க இல்லாம?"

"கப்பலு?"

"அதுதான் எங்க போயிடும், நாங்க இல்லாம?" என்றாள் சௌந்தரம் நிதானமாக.

கேப்டன் சொன்னது முழுவதும் அப்போதுதான் ஆவுடைத்தாயின் தலைக்குள் இறங்கியது. இந்த நாற்பது பேரும் இங்கே நிற்கிறவரை கப்பல் அங்கே நிற்கும். தான் இங்கே நிற்கிறவரை இந்த நாற்பது பேரும் இங்கே நிற்பார்கள். ஆனால் தான் இங்கே நின்றால் பிள்ளைக்குப் பெயர் இல்லை.

அதற்கும் ஒரு வழி இருந்தது. நம் ஊர்ப் பக்கத்தில் வரிசையில் நின்று பழகிய யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் கூடையிலிருந்து சொக்காயை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒயர்கூடையைக் கவுண்டர் முன்னால் தரையில் வைத்தாள்.

"இதைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. இந்தா வந்துட்டேன்."

"தாராளமா போயிட்டு வாங்க. உங்க இடத்துக்கு நாங்க பொறுப்பு" என்றாள் சௌந்தரம். கூடைக்கு முள் இல்லாததால் இன்னும் சற்று நெருங்கி வசதியாக நின்றுகொண்டாள்.

மனம் உறுத்தத்தான் செய்தது. பாவம், ஒன்றுமறியாத ஜீவன்கள். அந்த உறுத்தல் ஸ்டேஷன் வாசல் வரை கூட வந்தது. அதற்கப்பால் வெயில் அதிகம் என்று திரும்பிப் போய்விட்டது.

தம்பி வாசலிலேயே நின்றிருந்தான். முள்ளம்பன்றிகள் கட்டிக்கொள்வதில்லை, மூக்கை உரசிக்கொள்வார்கள். உரசிக்கொண்டார்கள். பேச்சியம்மாள், "வாங்க மதினி, கப்பல் எத்தனை மணிக்கு?" என்று அன்போடு கேட்டாள். பிள்ளை பாயில் கிடந்தது. முள் இன்னும் முற்றவில்லை. தொட்டால் புது விளக்குமாறு மாதிரி மெத்தென்று மடங்கியது. ஆவுடைத்தாய் அந்தச் சின்னக் காதருகே குனிந்து "செண்பகவல்லி" என்றாள். இரண்டாவது முறையும் சொன்னாள். மூன்றாவது முறை சொல்லும்போது பிள்ளை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. இதற்காகக் கடலைத் தாண்டியது மட்டுமல்ல, கடலைக் குடித்தே வந்திருந்தாலும் தகும் என்று அவளுக்குத் தோன்றியது. எழ மனமே வரவில்லை. சாப்பிட்டாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். சொக்காய் பெரிதாக இருந்தது, போட்டுப் பார்த்தாள். மறுபடி கழற்றிப் போட்டுப் பார்த்தாள்.

சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது.

ஆவுடைத்தாய் பிள்ளையைப் பாயில் விட்டுவிட்டுத் துள்ளி எழுந்தாள். அவளைவிட வேகமாகப் பேச்சியம்மாள் எழுந்தாள். ஒரு வருடத்துக்கான பாயும் தலையணையும் எங்கே போடுவது என்று அவள் கண்கள் அந்த இரண்டு அறைகளையும் அளந்தன.

"மதினி, கப்பலு..."

"நிக்கும்" என்றாள் ஆவுடைத்தாய். வாய்தான் சொன்னது. மனம், கூடை அங்கேயே இருக்க வேண்டுமே என்று அடித்துக்கொண்டது.

அவள் ஸ்டேஷனுக்கு ஓடி வந்தபோது மணி ஐந்தரை. வரிசை அப்படியே இருந்தது. ஒரு செம்மறிகூட நகரவில்லை. வரிசையின் கடைசியில் புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தார்: சொகுசு பஸ்ஸின் வழிகாட்டி வாத்து. செம்மறிகளைத் தேடித் தேடி ஊரெல்லாம் சுற்றி வந்தவர், இவ்வளவு நீளமான வரிசை என்றால் ஏதோ முக்கியமானதுதான் என்று முடிவு செய்து, கையில் கொடியோடு தானும் நின்றுவிட்டார்.

"மேடம், பின்னால வாங்க. எல்லாரும் நிக்கிறோம்ல?" என்று அவர் ஆவுடைத்தாயை அதட்டினார்.

நாற்பது தலைகள் ஒரே சமயத்தில் திரும்பின. "அவங்க மத்தியானத்திலிருந்தே நிக்கிறாங்க!"

ஆவுடைத்தாய் கூடையை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் நின்றாள். பொழுது சாய்ந்ததும் ஆந்தை கண்ணைத் திறந்து, அட்டையைக் கழற்றியது.

"எங்க போகணும்?"

"துறைமுகம். ஒண்ணு."

அடுத்தவள் சௌந்தரம். "அதேதான்" என்றாள். நாற்பது தடவை அதேதான். வாத்தும் அதேதான். சொகுசு பஸ் வாசலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் ஆவுடைத்தாயின் பின்னால் ரயிலேறினார்கள். எருமைக்கு அன்றைக்கு இரண்டாம் முறை குளிக்கும் எண்ணம் இல்லாததால் வண்டி இரண்டே மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

கப்பல் எல்லா விளக்குகளையும் போட்டுக்கொண்டு நின்றிருந்தது! ஆவுடைத்தாய்க்கு அதைப் பார்த்ததும் கும்பிடத் தோன்றியது. ஏறும் பலகையில் முதல் ஆளாகக் கால் வைத்தாள். கேப்டன் கூழைக்கடா பதிவேட்டோடு வழிமறித்தார்.

"ஆவுடைத்தாயா? நீங்க ஏற முடியாதும்மா. உங்க பேருக்கு நேரா 'கப்பலைத் தவறவிட்டார்'னு அஞ்சு மணிக்கே எழுதியாச்சு."

"கப்பலு இந்தா நிக்குதே ஐயா."

"நிக்குது. ஆனா நீங்க தவறவிட்டாச்சு. எழுதினதை அழிக்கக் கூடாது." அவர் எட்டிப் பார்த்து, செம்மறிகளைக் கண்டதும் குரலை மாற்றினார். "வாங்க, வாங்க! சிரமத்துக்கு மன்னிக்கணும். ஜூஸ் ரெடியா இருக்கு."

செம்மறிகள் அசையவில்லை.

"முன்னால இருக்கிறவங்க போகட்டும்" என்றாள் சௌந்தரம்.

"அவங்க போக முடியாது."

"அப்போ நிக்கிறோம். எங்களுக்கு அவசரமில்லை."

கடைசியில் நின்ற வாத்து, "முன்னால என்ன தாமதம்?" என்று கொடியை ஆட்டினார். கேப்டன் பலகையைப் பார்த்தார். நாற்பது பேரைப் பார்த்தார். அந்த நாற்பது பேரும் மூடிய கவுண்டர் முன்னால் ஆறு மணி நேரம் நின்றவர்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பேனாவை எடுத்தார். எழுதியதை அழிக்கவில்லை, சட்டம் சட்டம்தான். பக்கத்தைப் புரட்டி, சொகுசுச் சுற்றுலா பட்டியலின் தலைமாட்டில் ஒரு வரி சேர்த்தார்: "குழுத் தலைவர்: ஆவுடைத்தாய்."

பிறகு விலகி நின்று சல்யூட் அடித்தார். முதல் ஜூஸ் அவளுக்குத்தான் கொடுக்கப்பட்டது.

நீதி: தனியாகத் தாமதமாக வந்தால் அதற்குப் பெயர் குற்றம். நாற்பது பேருக்கு முன்னால் தாமதமாக வந்தால் அதற்குப் பெயர் தலைமை.