எப்சிலான் சாரும் உமி மேல் ஒட்டிய ஈரமும்

காவிரிப் படுகையில் நெல் விளைவித்தவர்கள் எத்தனையோ லட்சம் பேர். நெல்மணிக்குள் மின்னழுத்தம் எவ்வளவு என்று கணக்குப் போட்டவர் எங்கள் எப்சிலான் சார் ஒருவர்தான். எதைக் கண்டாலும் “இதுக்கு எப்சிலான் எவ்வளவு?” என்பார். மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதற்கான அளவுக்கு இயற்பியலில் அந்தக் கிரேக்க எழுத்துதான் குறியீடு. பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

தஞ்சாவூர்ப் பக்கம் பொறியியல் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்தியவர். பிள்ளைகள் சேராமல் கல்லூரி சுருங்கியது; சார் வெளியே வந்து திருவையாற்றுக்கு இந்தப் புறம் பத்து மா, அதாவது மூன்று ஏக்கர் சொச்சம், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். கரும்பலகை போயிற்று, பாடம் போகவில்லை.

ஒரு கல்யாணப் பந்தியில் லட்டைப் பிட்டவர் அப்படியே உறைந்துபோனார். லட்டு மின்கடத்தாப் பொருளாம். உள்ளே இருந்த கிராம்பு மின்னூட்டமாம். “கிராம்பு நட்டநடுவுல இருந்தா கணக்கு ரெண்டே வரிங்க. ஓரமா ஒதுங்கிடுச்சு. இனிமே முடிவில்லாத தொடர்” என்று இலையில் ரசத்தால் எழுத ஆரம்பித்தார். அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று முனகினார்கள்.

போன குறுவைக்கு, அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் அவர் குவியலும் என் குவியலும் அடுத்தடுத்து. ஈரப்பதக் கருவி அவர் நெல்லுக்குப் பத்தொன்பது சதவீதம் காட்டியது. பதினேழைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள். காலையில் தூறல், நனைந்தது உமிதான், அரிசி இல்லை என்றார் சார். கருவி அளப்பது ஈரத்தை அல்ல, நெல்லின் எப்சிலானை; உமி மேல் ஒட்டிய நீர் அதை ஏமாற்றுகிறது என்று விளக்கினார். நிலைய எழுத்தர் பாதி கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

நாங்கள் நெல்லை அள்ளித் தார்ச்சாலையில் பரப்பினோம். அவருடையதையும் பரப்பித் தருகிறேன் என்றேன்.

“காயவச்சா, ஈரம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுங்க.”

பதினொரு பக்கம் எழுதினார். ஒரு நெல்மணி, அதற்குள் ஒரு மின்னூட்டம், மேலே நீர்ப்படலம், உள்ளேயும் வெளியேயும் மின்னழுத்தம். ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தார். மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டது. உரிய துறைக்கு முன்னால் மழை வந்தது. நான்கு நாள். படுதாவுக்கு அடியில் அவர் குவியல் முளைவிட்டுப் பச்சை பிடித்தது.

ஐந்தாம் நாள் மனுவை விசாரிக்க அதிகாரி வந்தார். வரிசைக்குப் புதிதாக வந்த நெல்லைத் தூறல் ஈரத்தோடு ஒரு தடவை அளந்தார். துண்டால் ஒற்றித் துடைத்து இன்னொரு தடவை. பத்தொன்பது பதினாறாக இறங்கியது.

“சார் சொன்னது சரிதான். ஆனா முளைச்ச நெல்ல எடுக்க முடியாதுங்களே” என்றார் எழுத்தர்.

சார் சிரித்தார். விடை சரியாக வந்த மனிதரின் சிரிப்பு. அதைவிடக் கசந்த ஒன்றை நான் கண்டதில்லை. முளைநெல்லை வாத்து மேய்ப்பவர் தீவனத்துக்கு அள்ளிப் போனார். குத்தகையும் போயிற்று, சார் திருச்சிக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்தக் குறுவைக்கும் வரிசையில் நிற்கிறேன். என் நெல்லுக்குப் பக்கத்தில் ஒரு குவியல் அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன். கேட்பவர்களிடம் “சார் வருவாரு” என்கிறேன்.