மார்க்கண்டர் சுற்றிய சில்லு

ஊர்ச் சனசமூக நிலையத் தலைவர் மார்க்கண்டருக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குச் சிவக்கும், பிறகு சால்வை நழுவும். அன்று காலை இரண்டும் ஒன்றாகவே நடந்தன.

நிலையத்துக்கு வந்த பத்திரிகையில் 'இன்று காதலர் தினம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். சவர்க்காரம் இல்லை. மண்ணெண்ணெய் இல்லை. ரேடியோவுக்குப் போட ஒரு பற்றரி இல்லை. இத்தனையையும் மறித்த போர்க்காலப் பொருளாதாரத் தடை, காதலை மட்டும் எப்படி யாழ்ப்பாணத்துக்குள் விட்டது? அவர் எழும்பி நின்று முழங்கினார்.

"கலியாணம் முடிச்சு இருபத்தாறு வருசம். ஒருநாள் எண்டாலும் என்ரை மனுசியிட்டை அன்பு, கின்பு எண்டு கதைச்சிருப்பனோ? குடும்பம் நடக்கேல்லையோ? உந்தக் கூத்து என்ரை படலை தாண்டாது!"

எல்லாரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தம் காதில் இனிக்க இனிக்க இணுவில் ஒழுங்கைகளால் வீடு வந்தார். குசினியில் மனைவி பத்மாசினி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, பின்னேரம் ரேடியோவிலை காதலர் தின நிகழ்ச்சியாம். ஒருக்காச் சைக்கிளைச் சுத்திவிடுங்கோவன்."

பற்றரி இல்லாத காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றிச் சில்லை உருட்டினால்தான் டைனமோவில் மின்சாரம் வரும், ரேடியோ பாடும். சில்லு நின்றால் பாடுகிறவர் பாதிச் சொல்லோடு வாயை மூடிவிடுவார்.

"நானோ? உதுக்கோ? என்ரை கை முறிஞ்சாலும் சுத்தமாட்டன்!"

"சரி, விடுங்கோ." அவள் திருவுவதை நிறுத்தவில்லை. "உங்களுக்காகத்தான் சொன்னனான். 'தலைவர், அதிலை அப்பிடி என்ன பிழையாய்ச் சொன்னவங்கள்?' எண்டு நாளைக்கு ஆரும் கேட்டால்? கேளாமலே எதிர்த்தவர் எண்டெல்லோ சிரிப்பாங்கள்."

மார்க்கண்டர் யோசித்தார். நியாயம்தான். எதிரியை அறியாமல் எதிர்ப்பது தலைவருக்கு அழகில்லை.

பின்னேரம் முற்றத்தில் சைக்கிள் தலைகீழாக நின்றது. எப்படித்தான் மணம் பிடித்தார்களோ, வேலிப் பொட்டுக்குள்ளால் அயல் பெண்கள் ஒவ்வொருவராக நுழைந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், பாயோடு, பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம்.

"அக்கா, நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"

"எதிர்க்கத்தான் தம்பி. நீ சுத்து."

சுற்றினார். மனைவி, சிநேகிதர், அயலவர் என்று எல்லாரிடமும் உள்ள அன்பைக் கொண்டாடும் நாள் இது என்று அறிவிப்பாளர் தேன் ஒழுகப் பேசினார். பிறகு வாழ்த்துகளை வாசிக்கத் தொடங்கினார். மார்க்கண்டருக்குப் பொறுக்கவில்லை.

"பாருங்கோ வெக்கங்கெட்ட வேலையை! மனுசிக்குச் சொல்லுறதை ஊருக்குச் சொல்லுறாங்கள்!"

"கதையாமல் சுத்துங்கோ. சத்தம் குறையுது," என்றாள் பத்மாசினி.

"அடுத்ததாக," என்றது ரேடியோ, "இணுவிலிலிருந்து மார்க்கண்டு, தன் நெஞ்சில் குடியிருக்கும் அன்புக்குரிய..."

மார்க்கண்டரின் கை நின்றது. சில்லு நின்றது. ரேடியோ ஒருமுறை கொர்ரென்று ஓய்ந்தது. பதறிப்போய் அவர் மறுபடி சுற்றியபோது பாட்டுப் போய்க்கொண்டிருந்தது.

சின்னத்தங்கம் பாயைவிட்டு எழும்பினாள்.

"தம்பி, ஆருக்கு?"

"நான் ஒருத்தருக்கும் சொல்லிவிடேல்லை!"

"அப்ப ஏன் பேர் வாற நேரம் பாத்து நிப்பாட்டினனீ?"

"அது வேறை ஆரும் மார்க்கண்டாய் இருக்கும்!"

"எனக்குத் தெரிய இணுவிலிலை மார்க்கண்டு நீ ஒருத்தன்தான்."

பத்மாசினி சேலைத் தலைப்பைக் கண்ணில் வைத்தாள். "எனக்காய் இருக்காது அக்கா. மனுசியிட்டை ஒருநாளும் அன்பெண்டு கதைச்சதில்லையெண்டு காலமைதானே நிலையத்திலை எல்லாருக்கும் முன்னாலை சொன்னவராம்."

என்ன அநியாயம்! அவருடைய பேச்சே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. ஒருத்தி மெதுவாக வேலிப் பொட்டை நோக்கி நகர்ந்தாள். அந்தத் தலை வேலியைத் தாண்டினால் பொழுது படுமுன் அயலூர் கோண்டாவில் முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு தலைவர் பதவி எங்கே, மானம் எங்கே?

"நில்லுங்கோ! அது உனக்குத்தானடி!" என்று கத்தினார்.

"எனக்கெண்டால் என்ன சொல்லிவிட்டனீங்கள்?" என்று விம்மினாள் பத்மாசினி.

"அது... அன்பு எண்டு..."

"கேக்கேல்லைத் தம்பி," என்றாள் சின்னத்தங்கம்.

"பத்மாசினி! நீதான் என்ரை உயிர்! இருபத்தாறு வருசமாய் உன்னிலை எனக்கு உயிர்! நீ இல்லாட்டி நான் ஒண்டுக்கும் உதவமாட்டன்! போதுமோ?"

ஒழுங்கையில் போன இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேரும் காலையில் கை தட்டியவர்கள். பெண்கள் திருப்தியோடு பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

முற்றம் வெறுமையானதும் மார்க்கண்டர் பல்லைக் கடித்தார்.

"ஆரடி என்ரை பேரிலை உதைச் சொல்லிவிட்டது?"

"கொழும்புத் தங்கைச்சியைக்கொண்டு நான்தான் சொல்லுவிச்சனான்," என்றாள் பத்மாசினி, ரேடியோ வயரை ஆறுதலாகக் கழற்றியபடி. கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. "உங்கடை பேர் வந்தால் உங்கடை கை நிக்கும் எண்டும் தெரியும்."

"அப்ப நான் நிப்பாட்டாமல், ரேடியோக்காரன் வாசிச்சது முழுக்கக் கேட்டிருந்தால்?"

"அவன் என்ன, ரெண்டு சொல்லோடை விட்டிருப்பான். நீங்களெண்டால் ஊர் கேக்கச் சொன்னனீங்கள். அடுத்த வருசம் ரேடியோவும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம். நீங்களே போதும்."